செங்கோலை விடாத தீவு

ஒரு பெயர்ப் பட்டியலைப் படித்துவிட்டு அழுத ஆள் நான். கதை இல்லை, கவிதை இல்லை, வெறும் பட்டியல்! அரசர் பெயர், பிறந்த ஆண்டு, செங்கோல் ஏற்ற ஆண்டு, அதை மகன் கையில் கொடுத்த ஆண்டு, இறந்த ஆண்டு. பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் உருப்போட்டு உருப்போட்டு மண்டை காய்வோமே, அதே மாதிரி ஒன்று. அதுவும் எந்தக் கடலிலும் இல்லாத ஒரு தீவு, எந்தக் காலத்திலும் பிறக்காத ராஜாக்கள், மொத்தம் 25 பேர். ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பட்டியலை முடித்தேன். முடித்த கையோடு பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் 25 பெயரையும் வரிசையாக எழுதி, செங்கோலைத் தானாக விட்டுக்கொடுக்க மனசில்லாதவர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் படுத்தேன். படுத்தேனே ஒழிய தூக்கம் வரவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "யாருடா இவங்கல்லாம்?" என்று கேட்டார். நான் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். சோறு ஆறிப்போய், சாயங்காலம் காபியும் வந்துவிட்டது.

தீவின் பெயர் நூமெனோர். படைத்தவர் டோல்கின். ஆமாம், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய அதே மனுஷர்தான். படத்தைப் பார்த்தவர்களுக்கு ஹாபிட்டுகளையும் மோதிரத்தையும் தெரியும். அந்தக் கதை நடப்பதற்கு மூவாயிரம் வருஷம் முன்னால் கடலுக்குள் போன இந்தத் தீவை நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் தாங்கவில்லை! டோல்கின் 1973இல் இறந்துபோனார். மகன் கிறிஸ்டோபர் டோல்கின் அப்பாவின் கையெழுத்துத் தாள்களைப் பொறுமையாகக் கோத்து 1977இல் 'சில்மரில்லியன்', 1980இல் 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' என்று கொண்டுவந்தார். முதல் புத்தகத்தில் தீவின் அழிவு இருக்கிறது. இரண்டாவதில் தீவின் நிலவரைபடம், அரசர் பட்டியல், ஒரு நீண்ட காதல் கதை. நான் தலைகீழாகப் போய் விழுந்தது இரண்டாவதில்.

கண்ணை மூடிக்கொண்டு பாருங்க. நடுக்கடலில் ஐந்து முனை நட்சத்திரம் போல ஒரு தீவு. மனிதர்கள் பழைய யுத்தத்தில் நல்ல பக்கம் நின்று போராடினார்கள் என்பதற்காகத் தெய்வங்கள் கடலுக்கு அடியிலிருந்து தூக்கிக் கொடுத்த நிலம். இரண்டாம் யுகம் 32ஆம் ஆண்டில், வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கப்பல் ஓட்டி ஜனங்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள். தீவின் நடுவில் மெனெல்தர்மா என்று ஒரு மலை. அதன் உச்சிதான் புனிதத் தலம், ஆனால் அங்கே கோவில் இல்லை, சிலை இல்லை, கூரை இல்லை, ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. வெறும் ஆகாயம். வருஷத்துக்கு மூன்று தடவை, வசந்தம் பிறக்கும்போது, நடுக்கோடையில், இலையுதிர் காலம் முடியும்போது, அரசர் முன்னால் நடக்க, வெள்ளை உடுத்தி மாலை போட்ட ஒரு பெருங்கூட்டம் ஒரு சத்தம் இல்லாமல் மலை ஏறுகிறது. உச்சியில் வாய் திறக்க உரிமை உள்ளவர் அரசர் ஒருவர்தான், அதுவும் அந்த மூன்று நாளில் மட்டும். ஆயிரக்கணக்கான பேர் ஏறும் காலடிச் சத்தமும் காற்றும் மட்டும் கேட்கிற மாதிரி, மேலே மூன்று கழுகுகள் வட்டம் போடுகிற மாதிரி நினைத்துப் பாருங்க! எனக்கு இதை எழுதும்போதே மயிர்க்கூச்செறிகிறது. இந்த வெறும் உச்சியை மனசில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேணும்.

முதல் அரசர் எல்ரோஸ். படத்தில் வருவாரே எல்ராண்ட், அவருடைய கூடப்பிறந்தவர். இரண்டு பேருக்கும் ரத்தத்தில் பாதி எல்ஃப், பாதி மனிதன். எதுவாக வாழ்வது என்று அவரவரே தேர்ந்தெடுக்கலாம். அண்ணன் தம்பியில் ஒருத்தர் சாகாத எல்ஃப் இனத்தைக் கேட்டார், ஒருத்தர் மனிதனாகச் சாவதைக் கேட்டார். சாவைக் கேட்ட எல்ரோஸுக்கு 500 வருஷ ஆயுள் கிடைத்தது, அதில் 410 வருஷம் ஆண்டார். அடுத்த பெயரைப் பாருங்க, அங்கேதான் நான் முதல் தடவை துள்ளி எழுந்தேன். மகன் வார்தமிர். அப்பா அவ்வளவு நாள் ஆண்டதால் இவருக்கு முறை வரும்போது வயசு 381! வாழ்நாள் முழுக்கப் பழங்கதைகளையும் ஏடுகளையும் சேகரித்துக்கொண்டிருந்த மனுஷர், செங்கோல் கைக்கு வந்ததும் அப்படியே மகனிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏட்டுக்குள் போய்விட்டார். ஆனாலும் பட்டியலில் அவர் பெயரை விடவில்லை, ஒரு வருஷம் ஆண்டதாகக் கணக்கு வைத்தார்கள். ஒரு வரியில் ஒரு மனுஷன் முழுசாக நிற்கிறானா இல்லையா, சொல்லுங்க.

இந்த ஆரம்ப அரசர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டது போதும் என்று தோன்றும்போது செங்கோலை வாரிசிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு, உடம்பும் புத்தியும் தளர்வதற்கு முன்னால், தூங்கப் போகிற மாதிரி உயிரையும் தாங்களாகவே விடுவார்கள். சாவை அவர்கள் தண்டனையாகவே நினைக்கவில்லை. இந்த ஒரு வழக்கம் எப்படித் தேய்ந்து, இற்று, அறுந்துபோனது என்பதுதான் மூவாயிரம் வருஷச் சரித்திரமும். டோல்கின் அதை எங்கேயும் நின்று பிரசங்கம் பண்ணவில்லை. ஆண்டுகளை எழுதிக்கொண்டே போகிறார், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

ஆறாவது பெயர் அல்தாரியன். இங்கே பட்டியலை மூடிவைத்துவிட்டு அந்தக் காதல் கதைக்குள் போங்க, தயவுசெய்து போங்க. அல்தாரியனுக்குக் கடல் பைத்தியம். கப்பல் கட்ட மரம் வேண்டும், மரத்துக்குக் காடு வேண்டும், அதனால் காடு காடாக நடுகிறான், வெட்டுகிறான், திரும்ப நடுகிறான். எரெண்டிஸ் மேற்குச் சீமைப் பெண், மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள், ஒரு மரம் விழுந்தால் அவளுக்கு நெஞ்சு வலிக்கும். இரண்டு பேருக்குமே மரம் உயிர். அவனுக்கு அது நாளைய கப்பல், அவளுக்கு அது மரம். இந்த ஒன்றில் இரண்டு வாழ்க்கையும் எரிந்து சாம்பலாகப் போகிறது என்று நமக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, இருந்தாலும் கடைசிவரை 'ஐயோ இந்தத் தடவையாவது, இந்தத் தடவையாவது' என்று பதைத்துக்கொண்டே படிக்கிறோம்.

கப்பல் கிளம்பும்போது அணியத்தில் ஒரு பச்சைக் கிளை கட்டுவது அந்த ஊர் வழக்கம். வாடாத மரத்தின் கிளை. போனவன் திரும்பி வரணும் என்று தலைவனின் வீட்டுப் பெண் கட்டுவது. ஒரு தடவை மகன்மேல் கோபத்தில் அரசர், ராணி அதைக் கட்டக் கூடாது என்று தடுத்துவிடுகிறார். கிளை இல்லாமல் கப்பல் நிற்கிறது. அப்போது ராணி சொல்லி அனுப்பிய கிளையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்து வருகிறாள் எரெண்டிஸ். கடலைப் பிடிக்காதவள்! தன்னிடமிருந்து அவனைப் பிரித்துக்கொண்டு போகப்போகிற அதே கப்பலுக்கு, அவன் திரும்பி வரணும் என்று பச்சைக் கிளை கொண்டுவருகிறாள்! நான் புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

870ஆம் ஆண்டில் கல்யாணம். 873இல் ஒரு பெண் குழந்தை, அங்காலிமே. 877இல் அவன் 'ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன்' என்று கிளம்புகிறான். வந்தது ஐந்து வருஷம் கழித்து. அதற்குள் அவள் அரண்மனையை விட்டு, ஆடுகள் மேயும் எமெரியே புல்வெளியில் ஒரு வெள்ளை வீட்டில், சுற்றிலும் பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு மகளை வளர்க்கிறாள். அவன் ஓடிவருகிறான். வாசலில் நின்று, வந்தவரை விருந்தாளி மாதிரி உபசரிக்கிறாள். சண்டை இல்லை, கத்தல் இல்லை, உபசாரம்! அதைவிடக் கொடுமை உண்டா? ஒன்பது வயசுப் பெண் அப்பாவை யாரோ போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெண்தான் பின்னால் தீவின் முதல் ஆளும் அரசி. அவளுக்காகத்தான் அல்தாரியன் சட்டத்தையே மாற்றுகிறான், அவள் 205 வருஷம் ஆள்கிறாள், எல்ரோஸுக்குப் பிறகு அவ்வளவு நீண்ட ஆட்சி யாருக்கும் இல்லை. எரெண்டிஸ்? கிழவியான பிறகு, மகளும் கைவிட்ட பிறகு, அவனைத் திரும்பப் பார்க்கணும் என்று ஆசை வருகிறது. அவன் கடைசிப் பயணத்திலிருந்து வரப்போகிறான் என்று கேள்விப்பட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாமல் ரோமென்னா துறைமுகத்துக்கு நடந்து வருகிறாள். அதற்கப்புறம் 985ஆம் ஆண்டுக்குக் கீழே அவள் தண்ணீரில் இறந்துபோனாள் என்ற தகவல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எப்படி, ஏன், அவன் கப்பல் வந்ததா, ஒன்றும் இல்லை. கதையை டோல்கின் முடிக்கவே இல்லை. முடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு சின்ன ஆறுதல் உண்டு: அவன் கொடுத்த வைரத்தை அவள் நெற்றியில் நட்சத்திரம்போல் அணிந்தாள், அன்றிலிருந்து அந்தத் தீவின் அரசர்களும் அரசிகளும் கிரீடம் வைத்துக்கொள்வதில்லை, நெற்றியில் ஒரு வெள்ளைக் கல் மட்டும்தான்.

அல்தாரியன் 1075இல் செங்கோலை மகளிடம் கொடுத்துவிட்டு இன்னும் 23 வருஷம் இருந்தான். என் காலண்டர் தாளில் அவனுக்குப் புள்ளி இல்லை. இதற்குக் கீழேதான் சிவப்பு ஆரம்பிக்கிறது. பதினொன்றாவது அரசர் மினாஸ்திர் நல்லவர், 1700இல், மோதிரக் கதையின் அதே தீயவன் சௌரனுக்கு எதிராக எல்ஃப்களுக்குப் பெரிய கப்பல்படை அனுப்பி அவர்களைக் காப்பாற்றியவர். ஆனால் மேற்குக் கரையில் ஒரு கோபுரம் கட்டி, சாகாதவர்களின் தேசம் இருக்கும் திசையையே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார். மகன் கிர்யாதான் அப்பாவின் ஏக்கத்தை மதிக்கவில்லை, செங்கோலை அவர் கொடுக்கும்வரை பொறுக்கவும் இல்லை, வாங்கிக்கொண்டான். பேரன் அதனாமிர் முதல் தடவையாகத் துணிந்து மாட்டேன் என்றான். செங்கோலையும் விடமாட்டேன், உயிரையும் விடமாட்டேன். புத்தி தடுமாறும் கிழவனான பிறகு சாவு வந்து இழுத்துக்கொண்டுதான் போனது. அதனாமிரிலிருந்து பென்சிலைக் கீழே வைக்க முடியவில்லை, வரிசையாகச் சிவப்பு. ஜனங்களும் அரசன் பக்கம், பழைய வழியில் நிற்கிற விசுவாசிகள் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். சாவுக்கு மருந்து தேடிய பண்டிதர்கள் பிணம் கெடாமல் பதப்படுத்தும் வித்தையைத்தான் கண்டுபிடித்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களின் வீட்டைவிடச் செத்தவர்களின் மண்டபங்கள் பெரிதாகின.

இதில் எனக்கு உயிரான ஒரு தகவல். 2899இல் இருபதாவது அரசன் எல்ஃப்களின் மொழியில் பட்டப்பெயர் வைக்கும் பழைய வழக்கத்தை உடைத்து, தன் சொந்த மொழியில் அதூனாகோர் என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். அர்த்தம் 'மேற்கின் தலைவன்'. அது தெய்வத்துக்குரிய பட்டம், விசுவாசிகள் அதிர்ந்துபோகிறார்கள். ஆனால் அரசர்களின் பெயர் எழுதும் ஏட்டில்? அங்கே மட்டும் அதே பட்டத்தைப் பழைய மொழியில், ஹெருநூமென் என்று எழுதிவைக்கிறார்கள். ஏனென்றால் அந்த வழக்கத்தை அடியோடு விட்டால் ஏதாவது கெட்டது நடந்துவிடுமோ என்று பயம்! தெய்வத்தின் பட்டத்தையே எடுத்துக்கொண்டவனுக்கு ஒரு ஏட்டைத் தொடப் பயம்! இதைப் படித்தபோது நான் ராத்திரி வேளையில் 'ஆஹா' என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன், அம்மா கீழேயிருந்து "என்னடா ஆச்சு?" என்றார். என்ன சொல்வது, 'அதூனாகோர்ம்மா' என்றா?

இனி நிறுத்த முடியாது, கூடவே ஓடிவாங்க. கடைசி அரசன் ஃபராசோன். அவனுக்கு முன்னால் ஆண்டவர் பலாந்திர், பழைய வழிக்குத் திரும்ப முயன்றவர்; அந்த மேற்குக் கரைக் கோபுரத்தில் ஏறி எல்ஃப்களின் கப்பல் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார், வரவே இல்லை. அரண்மனை முற்றத்து வெள்ளை மரம் நிம்லோத் அழியும்போது அரசவம்சமும் அழியும் என்று சொல்லிவிட்டுச் செத்தார். அவருடைய மகள் மீரியல்தான் அடுத்து ஆளவேண்டியவள். 3255இல் சித்தப்பா மகன் ஃபராசோன் அவளை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்டு செங்கோலைப் பறிக்கிறான். சௌரனையே சிறைபிடித்துக் கொண்டுவருகிறான், மூன்றே வருஷத்தில் கைதி ராஜாவின் காதருகே உட்கார்ந்துவிடுகிறான். வெள்ளை மரத்தை வெட்டச் சொல்கிறான். இப்போது வருகிறான் பாருங்க இசில்தூர், விசுவாசிகளில் ஒருத்தன், மாறுவேஷத்தில் ராத்திரி தனியாக அந்த முற்றத்துக்குள் நுழைந்து, மரத்திலிருந்து ஒரே ஒரு பழத்தைப் பறித்து, காவலர்கள் விழித்து வெட்ட வெட்ட உடம்பெல்லாம் காயத்தோடு தப்பி வந்து, பழத்தைக் கொடுத்துவிட்டுச் சாகக் கிடக்கிறான். ரகசியமாக மண்ணில் ஊன்றுகிறார்கள். வசந்தத்தில் முளை விடுகிறது. அதில் முதல் இலை விரிந்த அன்றைக்கு அவன் படுக்கையிலிருந்து எழுந்துவிடுகிறான்! படத்தில் மினாஸ் திரித் முற்றத்தில் பட்டுப்போய் நிற்குமே அந்த வெள்ளை மரம், அது இந்தப் பழத்தின் வம்சம். நான் படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன், இது தெரிந்த பிறகு அந்த மரத்தைக் காட்டும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

அந்த வெறும் மலையுச்சியை நினைவில் வைத்திருக்கிறீர்களா? கல்கூட வைக்காத இடம்? இப்போது தலைநகரின் நடுவில் ஒரு வட்டக் கோவில் எழும்புகிறது. அடிச்சுவர் 50 அடி தடிமன், 500 அடி உயரம், மேலே வெள்ளியில் ஒரு குவிமாடம். அதன் பீடத்தில் முதலில் எரித்தது நிம்லோத்தின் விறகைத்தான். புகை ஏழு நாள் தேசத்தின்மேல் நின்றது. அதற்கப்புறம் எரித்தது மனிதர்களை, விசுவாசிகளை, சாகாமல் இருக்கவேண்டும் என்ற வேண்டுதலுக்காக. பளபளத்த வெள்ளிக் குவிமாடம் புகை படிந்து படிந்து கறுத்துப்போகிறது. அந்தக் கறுப்பை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 3319இல் கிழவனான ஃபராசோன், சாவு நெருங்குகிறது என்ற பயத்தில், சாகாதவர்களின் தேசத்தின்மேலேயே படையெடுக்கிறான். சூரியனை மறைக்கிற மாதிரிக் கப்பல்கள். கழுகு வடிவத்தில் மேகங்கள் மேற்கிலிருந்து வந்து எச்சரிக்கின்றன, யாரும் கேட்கவில்லை. அந்தத் தேசத்தின் கரையைக் கண்டதும், அந்த அமைதியைக் கண்டதும், அவனுக்கே கால் பின்வாங்குகிறது, திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றுகிறது, திரும்பு, திரும்பிவிடு என்று நான் மெத்தையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறேன், அவன் கால் வைத்துவிடுகிறான்! கடல் பிளக்கிறது, உலகமே வளைந்து உருண்டையாகிறது, கப்பல்படை கிளம்பிய 39ஆம் நாள் அந்தத் தீவு, அல்தாரியனின் காடுகளும் எமெரியே புல்வெளியும் அரசர்களின் கல்லறைப் பள்ளத்தாக்கும் 25 பெயர் எழுதிய ஏடும் எல்லாம், குழந்தைகளும் பாட்டும் சிரிப்பும் எல்லாம் அப்படியே சரிந்து கடலுக்குள் போகிறது. கிழக்குக் கரையில் தயாராக நின்ற ஒன்பது கப்பல் மட்டும், விசுவாசிகளின் தலைவர் எலெண்டிலுக்கு நான்கு, மகன்கள் இசில்தூருக்கு மூன்று, அனாரியனுக்கு இரண்டு, அந்த மரக்கன்றோடு புயலில் தூக்கி எறியப்படுகின்றன. மீரியல், அந்தப் பறிக்கப்பட்ட அரசி, புனித மலையின் செங்குத்துப் பாதையில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறாள், ஏறிக்கொண்டே இருக்கிறாள், பச்சையாக, குளிர்ந்து, நுரை சூடி வந்த அலை அவளைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறது.

நம் மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதே, கடல்கோள். டோல்கின் அந்த மனிதர்களின் மொழியில் 'அகல்லாபேத்' என்று வைத்தார், வீழ்ந்தது என்று பொருள். எல்ஃப்களின் மொழியில் அதே பொருளுக்கு அவர் இலக்கணப்படி வந்து நின்ற சொல் 'அதலாந்தே'. அட்லாண்டிஸ்! தான் திட்டமிட்டு வைக்கவில்லை, அந்த வேர்ச்சொல் முன்பே இருந்தது, தற்செயலாக அமைந்தது என்று அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பச்சை வயல்களின்மேலும் மரங்களின்மேலும் ஒரு பேரலை எழும்பி வருகிற கனவு அவருக்குத் திரும்பத் திரும்ப வருமாம், நூமெனோரின் அழிவை எழுதிய பிறகு அது வந்ததாக நினைவில்லையாம். 1930களில் நண்பர் சி. எஸ். லூயிஸும் இவரும், நீ விண்வெளிக் கதை எழுது, நான் காலப்பயணக் கதை எழுதுகிறேன் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். லூயிஸ் எழுதி முடித்து வெளியிட்டுவிட்டார். டோல்கின் ஆரம்பித்ததில் இந்தத் தீவு பிறந்தது, காலப்பயணக் கதை பாதியில் நின்றது. நண்பர் வாசிக்கக் கேட்டுக் கேட்டே பழகியதால், லூயிஸ் தன் நாவலில் அந்தப் பெயரை 'நூமினோர்' என்று தப்பாக எழுதினார். காதால் கேட்டு எழுதிய அந்த எழுத்துப்பிழையை நினைத்தால், அந்த அறையில் நானும் ஓரமாக உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறது மனசு.

பெயர்கள் ஒன்றுபோல இருக்கும், முதலில் கொஞ்சம் குழம்பும். அவ்வளவுதான் குறை, இரண்டாவது வாசிப்பில் அதுவும் போய்விடும். 2022இல் பிரையன் சிப்லி இந்தத் துண்டுகளையெல்லாம் ஆண்டு வரிசையில் கோத்து, ஆலன் லீயின் ஓவியங்களோடு 'த ஃபால் ஆஃப் நூமெனோர்' என்று ஒரே புத்தகமாகத் தொகுத்திருக்கிறார். புதிதாக நுழைகிறவர்களுக்கு அது சௌகரியம். ஆனால் என் பேச்சைக் கேளுங்க, முதலில் அந்தப் பட்டியலைப் படியுங்க. பக்கத்தில் ஒரு காலண்டர் தாளும் சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்க. எரெண்டிஸ் துறைமுகத்துக்கு வருகிற பக்கத்தை மட்டும், தயவுசெய்து, பேருந்தில் படிக்காதீங்க.